கடைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால்... லினக்ஸ் வைத்திருப்போருக்கு எங்கள் அனுபவக் குறிப்புகள்



கடையில் தராசு தவறாகக் காட்டினால் நாம் யாரையும் கூப்பிடுவதில்லை. தட்டில் ஒன்றுமில்லாமல் பார்ப்போம். முத்திரை போட்ட படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். தராசை வேறு மேசைக்கு மாற்றிப் பார்ப்போம். கோளாறு தராசிலா, கல்லிலா, மேசையிலா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு, மெக்கானிக் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்து நிற்கிறோம். மதுரை கீழமாசி வீதியில் நாங்கள் நடத்தும் பருப்பு, வத்தல் மண்டியிலும் 2024 தீபாவளி வரை அப்படித்தான் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு முன் நேர்ந்த ஒரு சங்கடம் எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததை நம் சங்க உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். நாங்கள் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். ஆகவே இதில் உள்ளவை எங்களுக்கே புரிந்த அளவில்தான் இருக்கும்.

லினக்ஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் பாகங்களையும் நாம் பயன்படுத்தும் பில் போடும் மென்பொருளையும் இணைத்து நடத்துவது ஆபரேட்டிங் சிஸ்டம். கடையில் சரக்கு அறை, கல்லா, எடுபிடி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் நிர்வாகி போன்றது அது. நம்மில் பெரும்பாலோர் அறிந்தது விண்டோஸ். லினக்ஸ் அதுபோன்ற மற்றொன்று. பின்லாந்து நாட்டில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் இதன் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் அறிவித்த குனு என்னும் திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன. இதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், திருத்தி மற்றவருக்குக் கொடுக்கலாம். அதனால் டெபியன் (1993), உபுண்டு (2004), மின்ட் (2006) என்று பல பெயர்களில், பல வடிவங்களில் கிடைக்கிறது. சென்னையில் உள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பம்தான்.

இப்போது இதைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழக்கமான பராமரிப்பை அதன் நிறுவனம் 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பாகிய 11 ஐப் போடுவதற்குப் புதிய வகைப் பிராசஸரும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம் கடைகளில் உள்ள பத்து வருட மிஷின்கள் பலவற்றில் அவை இல்லை. நன்றாக ஓடுகிற மிஷினைத் தூக்கிப் போட மனமில்லாமல் நம் உறுப்பினர்கள் சிலர் லினக்ஸுக்கு மாறி வருகிறார்கள். நாங்கள் 2022 இலேயே மாறிவிட்டோம். எங்கள் தம்பி மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன்தான் போட்டுக் கொடுத்தான்.

இதில் ஒரு சிரமம் உண்டு. தெருமுனை மெக்கானிக்குகள் பலருக்கு விண்டோஸ்தான் பழக்கம். லினக்ஸ் என்றதும், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் நம் கணக்கு முழுவதும் போய்விடலாம். எங்களுக்கு நடக்க இருந்ததும் அதுதான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில்

2024 இல் தீபாவளி அக்டோபர் 31 ஆம் தேதி வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, காலை பதினோரு மணி. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டியிலிருந்து வந்த சில்லறைக் கடைக்காரர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை பில் போடுகிறார். பில் திரையில் வருகிறது. சேமிக்கச் சொன்னால் மறுக்கிறது. 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வருகிறது. அவர் மிஷினை அணைத்துப் போட்டார். கால் மணி நேரம் ஓடியது; மறுபடி அதே வரி. மறுபடி அணைத்துப் போட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே.

அருகில் இருந்த ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். வழக்கம்போல அழித்துப் போடலாம் என்றார். அரை மணி நேர வேலைதான் என்றார். வாசலில் ஆட்கள் நிற்கும் அவசரத்தில் சரி என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டோம். அப்போது கணக்குப்பிள்ளை, "அண்ணாச்சி, நகல் கடைசியாக ஏப்ரலில் எடுத்தது" என்றார்.

அந்த மிஷினில் நூற்று நாற்பது கடைகளின் கடன் பற்று இருந்தது. தீபாவளிச் சரக்குக்காக வெளியே நின்ற நிலுவை மட்டும் முப்பத்தெட்டு லட்சம். ஏப்ரலுக்குப் பிறகு யார் எவ்வளவு வாங்கினார், யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கு அந்தக் கணக்கைத் தவிர முழுமையான ஆதாரம் இல்லை. எங்களிடம் வாங்குவோர் நாணயமானவர்கள்தான். ஆனாலும் கணக்கே இல்லாமல் போய் ஒருவரிடம், "நீங்கள் எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்கிற மொத்த வியாபாரியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மெக்கானிக்கை அனுப்பிவிட்டுத் தம்பி மகனுக்குப் போன் போட்டோம்.

அவன் சொன்ன முதல் வார்த்தை: "பெரியப்பா, இனிமேல் அணைத்துப் போட வேண்டாம். என்ன செய்தி வருகிறது என்று முதலில் படித்துச் சொல்லுங்கள்."

கணக்கில் வித்தியாசம் தேடுவது போல

ஐந்தொகை போடும்போது வித்தியாசம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதில்லை. வித்தியாசத் தொகையைப் பார்க்கிறோம். அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுகிறோம். 5,400 ஐ 4,500 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 900. பாதி செய்து பார்த்து, அந்தத் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். எந்தத் தேதி வரை சரியாக இருந்தது, அதன்பின் என்ன எழுதினோம் என்று பிரித்துக்கொண்டு போகிறோம். கம்ப்யூட்டர் கோளாறையும் இதே முறையில்தான் தேட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டோம். அவன் சொன்னதையும் எங்கள் அனுபவத்தையும் சேர்த்து ஐந்து விதிகளாக எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

1. திரையில் வரும் செய்தியை எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். போனில் படம் எடுத்தாலும் சரி.
2. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். புது பிரிண்டரா, அப்டேட்டா, மின்சாரம் போய் வந்ததா, மேசையை நகர்த்தினோமா?
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது.
4. கோளாறு ஹார்டுவேரிலா, சாஃப்ட்வேரிலா என்று முதலில் பிரிக்க வேண்டும்.
5. எதைத் தொடுவதற்கு முன்பும் கணக்கின் நகல் வெளியே இருக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் முதலாவது. அனுபவப்பட்ட பிறகு சேர்த்ததால் கடைசியில் நிற்கிறது.

மிஷின் எழுதி வைக்கும் குறிப்பேடு

லினக்ஸ், தான் செய்கிற வேலைகளையும் தனக்கு நேர்கிற தடங்கல்களையும் நேரம் போட்டு எழுதி வைக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஜர்னல். நாம் பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் எழுதும் குறிப்பேட்டுக்கும் அதே ஆங்கிலப் பெயர்தான்.

உபுண்டு, மின்ட் இரண்டிலும் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சன்னல் திறக்கும். அதற்கு டெர்மினல் என்று பெயர். அதில் ஜர்னல் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, டி, எல் என்ற எழுத்துகளைச் சேர்த்து, எல்லாம் சிறிய எழுத்தில், அடித்தால் குறிப்பேடு விரியும். அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் பி எழுத்தும் சேர்த்தால், மிஷினைக் கடைசியாகப் போட்டதிலிருந்து உள்ளவை மட்டும் வரும். ஆங்கிலத்தில்தான் இருக்கும். எல்லாம் புரிய வேண்டியதில்லை. 'எரர்', 'ஃபெயில்டு' என்ற சொற்கள் கோளாறு வந்த நேரத்துக்கு நேராக வருகின்றனவா என்று பார்த்தால் போதும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பத்துப் பிழைகள் இருந்தால் முதல் பிழைதான் முக்கியம். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

டிஸ்க்கே எழுத மறுக்கும்போது இந்தக் குறிப்பேட்டிலும் பதிவு ஏறாது. அப்போது டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக் கட்டளை உதவும். அது மிஷினின் நினைவில் உள்ள செய்திகளைக் காட்டும். அணைத்துவிட்டால் அந்த நினைவு அழிந்துவிடும். தம்பி மகன் அணைக்க வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான். அன்று அதைப் படித்துச் சொன்னபோது டிஸ்க்கின் பெயரும், அதற்கு நேராக 'ஐ-ஓ எரர்' என்றும் வரிசையாக வந்தன. டிஸ்க்கில் எழுதவோ படிக்கவோ முடியவில்லை என்பது அதன் பொருள்.

அப்போதுதான் 'ரீட்-ஒன்லி' என்பதன் காரணமும் தெரிந்தது. டிஸ்க்கில் பிழை கண்டால், மேலும் எழுதிக் கெடுத்துவிடாதபடி லினக்ஸ் அதைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டிவிடுகிறது. எங்கள் பில்லைச் சேமிக்க மறுத்தது எங்கள் கணக்கைக் காப்பாற்றுவதற்காக! நாங்களோ அணைத்து அணைத்துப் போட்டு அந்தப் பூட்டைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறோம்.

பென் டிரைவ் ஒன்று போதும்

அடுத்து அவன் செய்யச் சொன்னது, லினக்ஸ் பென் டிரைவிலிருந்து மிஷினைத் தொடங்குவது. உபுண்டு, மின்ட் ஆகியவற்றை ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து தொடங்கி, 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் டிஸ்க்கை மாற்றாமலே முழு லினக்ஸும் ஓடும். அவசரத்தில் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்திவிடக் கூடாது. அது அழித்துப் போடும் வழி.

இதனால் பயன் இரண்டு. முதலாவது, ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பென் டிரைவில் ஓடும்போதும் திரை நடுங்கினாலோ, மிஷின் உறைந்து நின்றாலோ கோளாறு பாகத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பென் டிரைவில் நன்றாக ஓடினால், உள்ளே போட்டிருக்கும் சாஃப்ட்வேரையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். இரண்டாவது, மிஷின் தானாகத் தொடங்க மறுத்தாலும் உள்ளே இருக்கும் கணக்கை வெளியே எடுத்துவிடலாம்.

நாங்கள் டிஸ்க்கைப் படிப்பதற்கு மட்டும் என்ற முறையில் திறந்து, கணக்கு இருந்த ஃபோல்டரை வேறொரு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் யாரும் பேசவில்லை. இரண்டு ஃபைல்களைத் தவிர மற்ற எல்லாம் வந்துவிட்டன. வராத இரண்டில் ஒன்று கடைசி மூன்று நாள் பில்கள். நல்லவேளையாக, பழைய வழக்கத்தை விடாமல் சரக்கு ஏற்றும்போது கார்பன் வைத்துச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்து மூன்று நாள் பில்லையும் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

நகல் கைக்கு வந்த பிறகுதான் கோளாறைத் தேடினோம். முதலில் மலிவான பாகம்: டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் கேபிள். மாற்றினோம், பிழை நிற்கவில்லை. பிறகு 'டிஸ்க்ஸ்' என்ற கருவியில் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தோம். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு. அதில் 'சி.ஆர்.சி. எரர்' எண்ணிக்கை ஏறினால் கேபிளைச் சந்தேகிக்கலாம். 'பெண்டிங் செக்டார்', 'ரீஅலோகேட்டட் செக்டார்' என்பவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பே கெட்டு வருகிறது என்று பொருள். எங்களுக்கு ஏறியது 'பெண்டிங் செக்டார்'. டிஸ்க்கை மாற்றிவிட்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்.எஸ்.சி.கே. என்ற கட்டளை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் அதைப் போடக் கூடாது. நகல் எடுக்காமலும் போடக் கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதத் தொடங்கினால் வருகிறதும் வராமல் போகலாம்.

கடைகளில் அடிக்கடி வரும் கோளாறுகள்

மேலே சொன்னது பெரிய கோளாறு. அடிக்கடி வருபவை சிறியவை. ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்று பிரிக்கும் அதே முறை இவற்றுக்கும் பொருந்தும். எங்கள் கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் பார்த்தவற்றைச் சொல்கிறோம்.

மிஷின் உயிர் பெறவே இல்லை: சுவிட்ச், ஒயர், யு.பி.எஸ். மூன்றையும் முதலில் பார்க்கவும். யு.பி.எஸ். ஐத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகிப் பார்த்தால் பாதி நேரம் விடை கிடைத்துவிடும். விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராம் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிற முனையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து மறுபடி அழுத்திச் செருகவும். மளிகைக் கடையில் மிளகாய்த் தூளும் மாவும் பறந்துகொண்டே இருக்கும். அவை உள்ளே போய்ப் படியும். எலி கடித்த ஒயரையும் உள்ளே கூடு கட்டிய எறும்பையும் நாங்களே பார்த்திருக்கிறோம்.

மதியத்தில் தானாக அணைந்துவிடுகிறது: பெரும்பாலும் சூடுதான். விசிறியில் தூசி அடைத்திருக்கும். மிஷினைச் சுவரை ஒட்டியும் மூட்டைகளுக்கு இடையிலும் வைக்க வேண்டாம்.

தேதி பின்னால் போய்விடுகிறது: போர்டில் சி.ஆர். 2032 என்னும் காசு போன்ற 3 வோல்ட் செல் இருக்கும். அது தீர்ந்தால், மிஷினை அணைத்துப் போடும்போது தேதி தவறிவிடும். இன்டர்நெட் கிடைத்தால் லினக்ஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். கிடைக்காத நேரத்தில் பில்லில் தவறான தேதி ஏறிவிடும். தேதி தவறாக இருந்தால் ஜி.எஸ்.டி., வங்கி முதலிய பாதுகாப்பான தளங்களும் திறக்க மறுக்கும். தளம் கெட்டுவிட்டது என்று நினைக்குமுன் மூலையில் உள்ள தேதியைப் பார்க்கவும்.

பில் பிரிண்டர் ஓடவில்லை: பிரிண்டரை அணைத்து, பேப்பர் தள்ளும் பொத்தானை அழுத்தியபடியே போட்டால், பல பிரிண்டர்கள் தாமாகவே ஒரு சோதனைத் தாள் அடிக்கும். அது வந்தால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது. தாள் வெறுமையாக வந்தால் சுருளைத் திருப்பிப் போட்டிருக்கலாம். நகத்தால் கீறிப் பார்த்து, எந்தப் பக்கம் கருக்கிறதோ அந்தப் பக்கம்தான் எழுத்து விழும். அடுத்து டெர்மினலில் எல், எஸ், யு, எஸ், பி என்று அடித்தால் யு.எஸ்.பி. யில் இணைந்த கருவிகளின் பட்டியல் வரும். பிரிண்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை, செருகிவிட்டு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். இரண்டாவதில் ஒரு வரி கூடினால் மிஷின் பிரிண்டரைப் பார்க்கிறது. கூடாவிட்டால் கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். மிஷின் பார்த்தும் அடிக்கவில்லை என்றால், பிரிண்டர் அமைப்புக்குள் போய் வரிசை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். பேப்பர் தீர்ந்த நேரத்தில் வரிசை நின்று, பிறகு தானாகத் தொடங்காமல் இருப்பது சகஜம். தேங்கிக் கிடப்பதை ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

பார்கோடு ஸ்கேனர் ஏறவில்லை: கடைகளில் உள்ள ஸ்கேனர்கள் பெரும்பாலும் கீபோர்டு போலவே வேலை செய்கின்றன. வெறும் எழுதும் சன்னல் ஒன்றைத் திறந்து ஒரு சோப்புக் கட்டியை ஸ்கேன் செய்யவும். எண்கள் அங்கே விழுந்தால் ஸ்கேனர் சரி. பில் மென்பொருளில்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் மறுபடி பாஸ்வேர்டே கேட்கிறது: டிஸ்க் நிரம்பிவிட்டால் இப்படி நேரும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்து, டி, எஃப் என்ற இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, சிறு கோடு, எச் என்று அடித்தால் எந்தப் பகுதி எத்தனை சதவீதம் நிரம்பியது என்று தெரியும். இறங்கிக் கிடக்கும் பழைய படங்கள், குப்பைத் தொட்டி இவற்றைக் காலி செய்யலாம். பெயர் புரியாத ஃபைலைத் தொட வேண்டாம்.

அப்டேட் ஆன மறுநாள் தொடங்கவில்லை: லினக்ஸ் தன் மையப் பகுதியின் முந்தைய பதிப்பையும் பெரும்பாலும் வைத்திருக்கும். தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிப்ட் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம். அன்றைய வியாபாரம் ஓடிவிடும். பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பண்டிகை நாட்களில் அப்டேட் செய்யாமல், ஞாயிறு மதியம் செய்வது எங்கள் வழக்கம்.

புதிதாகப் போட்டதும் வைஃபை வரவில்லை: சில வைஃபை பாகங்களுக்கு வேண்டிய டிரைவர் தனியாக இறங்க வேண்டும். செல்போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அதன் 'டெதரிங்' வசதியைப் போட்டால் இன்டர்நெட் கிடைக்கும். அதன் வழியாக டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு என்பது கையெழுத்து

சில கட்டளைகளுக்கு முன் 'சூடோ' என்று அடிக்கச் சொல்வார்கள். மிஷின் பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நாங்கள் முதலில் பயந்தோம். சூடோ என்றால், மிஷினில் எதையும் மாற்றவும் அழிக்கவும் முழு அதிகாரம் தருகிறோம் என்று பொருள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு அது சமம். எங்கோ படித்தது, யாரோ சொன்னது என்று பொருள் தெரியாத கட்டளைகளை அதோடு சேர்த்து அடிக்கக் கூடாது. போனில் அழைத்து, "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் மிஷினைத் திறந்துவிடுங்கள்" என்பவர்களுக்கு இந்தப் பாஸ்வேர்டைச் சொல்லவே கூடாது.

மாறுவதற்கு முன்பும் ஒன்று கவனிக்க வேண்டும். பல கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்போருக்கும் அதற்கான லினக்ஸ் டிரைவர் வேண்டும். உங்கள் பில் மென்பொருள், பிரிண்டர், டோக்கன் மூன்றும் ஓடுகின்றனவா என்று பென் டிரைவில் தொடங்கிச் சோதித்துவிட்டு மாறுங்கள். ஓடாது என்றால் மாற வேண்டாம். இலவசம் என்பதற்காக வியாபாரத்தை நிறுத்த முடியாது.

தினமும் செய்ய வேண்டியது

ஜி.எஸ்.டி. சட்டப்படி நம் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும். எந்த டிஸ்க்கும் அத்தனை நாள் உழைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே நகல் ஒன்றே காவல்.

இப்போது எங்கள் மண்டியில் கடை சாத்தும்போது கல்லா எண்ணுவதோடு சேர்த்துக் கணக்கையும் பென் டிரைவில் நகல் எடுக்கிறோம். இரண்டு பென் டிரைவ்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி மாறி. சனிக்கிழமை நகல் வெளி டிஸ்க்கில் வீட்டுக்குப் போகிறது. கடைக்கு ஏதாவது நேர்ந்தாலும் கணக்கு வீட்டில் இருக்கும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு மிஷினில் திறந்து, ஐந்து கடைக்காரர்களின் நிலுவையைச் சரிபார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல், எண்ணாமல் வாங்கிய பணம் போன்றது.

மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. என்ன கோளாறு, என்ன செய்தி வந்தது, எதை மாற்றினோம், எதனால் சரியானது என்று தேதி போட்டு எழுதுகிறோம். பிரிண்டர் வரிசை நிற்பது மட்டும் அதில் பதினோரு தடவை இருக்கிறது. இப்போது அதைக் கணக்குப்பிள்ளையே இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிடுகிறார்.

மெக்கானிக் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போர்டு கருகினாலோ, டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, உடனே அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர் வரும்போது, இந்தச் செய்தி வந்தது, இந்த நேரத்தில் வந்தது, இதை மாற்றிப் பார்த்தோம், நகல் எங்களிடம் இருக்கிறது என்று நான்கு வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால், அழித்துப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இதைப் படித்து முடித்ததும் தங்கள் கணக்குப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்: "நம் கணக்கின் நகல் கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது?" எங்களுக்குக் கிடைத்ததுபோல் ஆறு மாதப் பதில் வந்தால், இன்று கடை சாத்துவதற்குள் எடுத்துவிடுங்கள்.